ஏஸ் போன வழியில அஞ்சு நாள்

நாள் 0, ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா (2025 கோடை)

நாளைக்கு காலைல கிளம்புறோம். நானும் பொண்ணும் மட்டும்தான், வீட்டம்மாவுக்கு லீவு கிடைக்கல. ஸ்கூல் திறக்க ரெண்டு வாரம் கூட இல்ல, இந்த வருஷம் ஊருக்குப் போற பிளைட் டிக்கெட் விலைய பாத்து அந்தப் பேச்சையே எடுக்கல, அதனால "கார்லயே எங்கயாச்சும் போயிட்டு வரலாம், எங்கன்னு நீயே சொல்லு பாப்பா"ன்னேன். டிஸ்னிலேண்ட்னு சொல்லுவா, அரை மாச சம்பளம் காலின்னு மனச தேத்தி வச்சிருந்தேன். "ஏஸ் போன வழியிலயே போலாம்ப்பா"ன்னுட்டா.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஏஸ்னா அத்லெட்டிக்ஸ், பேஸ்பால் டீம். 1968ல இருந்து 2024 வரைக்கும் 57 சீசன் எங்க பக்கத்து ஊரு ஓக்லாண்ட்ல ஆடுனாங்க, போன செப்டம்பரோட காலி பண்ணிட்டாங்க. இப்போ சாக்ரமென்டோல ஒண்டிக் குடித்தனம், 2028ல லாஸ் வேகாஸ்ல சொந்த வீடு. எங்க தெருவுல மத்த பசங்க எல்லாம் கிரிக்கெட் பேட்டோட திரிவானுங்க, இவ மட்டும் அஞ்சு வயசுல இருந்து பச்சைத் தொப்பியும் கையுறையுமா அலையுறா, யாரு பழக்கி விட்டான்னு கேட்டா பக்கத்து வீட்டுப் பெரியவர்தான், கார் ஃபேக்டரில வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. அவரையும் கூப்பிட்டுப் பாத்தேன். ஒரு சாவு வீட்டுக்கு ரெண்டு தடவ வர மாட்டேன், நீங்க போயிட்டு வாங்கன்னுட்டாரு.

டீம் போற அன்னைக்கு ராத்திரி பாப்பா ஒரு கேள்வி கேட்டா. "நாம கத்துனது பத்தலையாப்பா?" அன்னைக்கு ஏதோ சொல்லி சமாளிச்சேன். அது ஒரு வருஷமா உறுத்திட்டே இருக்கு.

புளியோதரை கட்டியாச்சு. மிச்சம் நாளைக்கு.

நாள் 1, ஓக்லாண்ட்

இன்னைக்கு கார் எடுக்கல. ஏஸ் ஆடுன கோலிசியம் ஸ்டேடியத்துக்கு பார்ட்னு இந்த ஏரியா மெட்ரோ ரயில்ல தான் போகணும், அதான் முறைன்னு பாப்பா ஒத்தக் கால்ல நின்னா. ஃப்ரீமான்ட்ல ஏறுனா அரை மணி நேரத்துக்குள்ள வந்துரும். மேட்ச் நாள்ல பெட்டி ஃபுல்லா பச்சை சட்டையா இருக்கும், ஸ்டேஷன்ல இறங்குனா ஸ்டேடியத்துக்குப் போற நடைபாலத்துல வெங்காயம் வதங்குற வாசனை வரும், தள்ளுவண்டில ஹாட் டாக் விக்கிறவங்க, கள்ளத் தொப்பி விக்கிறவங்க, ட்ரம்ம தூக்கிட்டுப் போறவங்கன்னு நம்ம ஊரு திருவிழா மாதிரி. இன்னைக்கு இறங்குனது நாங்க ரெண்டு பேரு, அப்புறம் ஏர்போர்ட் போற ஒரு பொட்டி தள்ளுற அம்மா. அவ்ளோதான்.

கம்பி வேலி வழியா பாத்தோம். காங்கிரீட் கிண்ணம். 1966ல திறந்தது. இப்போ ஓக்லாண்ட் ரூட்ஸ்னு ஒரு சாக்கர் டீம் (நம்ம ஊரு ஃபுட்பால்) இங்க ஆடுறாங்க, அதனால முழுசா பூட்டல, ஆனா பேஸ்பாலுக்குன்னு இருந்த மண்ணு எல்லாம் போயிடுச்சு. கடைசி மேட்ச் 2024 செப்டம்பர் 26, 46,889 பேரு, டெக்சாஸ் ரேஞ்சர்ஸை 3-2ன்னு ஜெயிச்சாங்க. நாங்களும் இருந்தோம். மேட்ச் முடிஞ்சும் யாரும் நகரல. மேனேஜர் மார்க் காட்சே மைக்க புடிச்சுப் பேசுனாரு, கிரவுண்ட் மண்ண பிளாஸ்டிக் கப்புல அள்ளிக்கிட்டவங்க, குலுங்கிக் குலுங்கி அழுத ஆறடி ஆளுங்க எல்லாரையும் பாத்தேன். அன்னைக்கு முதல் பந்து போட வந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் ரிக்கி ஹெண்டர்சன், ஓக்லாண்ட்லயே வளந்தவரு, அந்த மைதானத்துக்கே அவர் பேருதான். மூணே மாசம், டிசம்பர்ல அவரும் போயிட்டாரு. பக்கத்து வீட்டுப் பெரியவரு சாவு வீடுன்னு சொன்னது அதையும் சேத்துதான்னு நினைக்கிறேன்.

சரி, ஏன் போனாங்க. ஓனர் தரப்பு சொல்ற முதல் காரணம் இந்த ஸ்டேடியம் தான், அதுல பொய் இல்ல. ஆடுற தரை கடல் மட்டத்துக்கும் கீழ இருக்கு, அதனால சாக்கடை அடைச்சா தண்ணி வெளிய போறதுக்கு பதிலா உள்ள வரும், 2013 ஜூன்ல ஒரு மேட்ச் முடிஞ்சதும் டிரஸ்ஸிங் ரூம்ல கழிவுத் தண்ணி பொங்கி ரெண்டு டீமும் மேல் மாடில இருந்த அமெரிக்கன் ஃபுட்பால் டீம் ரூம்ல போய் ஒண்ணா குளிச்சாங்க. வர்ணனை பண்ற அறையில பாஸம்னு ஒரு மிருகம் குடியேறிடுச்சு, நம்ம ஊரு பெருச்சாளிக்கு பெரியப்பா மாதிரி இருக்கும்.

ஆனா இது ஒரு காலத்துல அழகான இடம்னு பெரியவரு சொல்லுவாரு. சீட்ல உக்காந்தா எதிர்ல ஓக்லாண்ட் மலை தெரியுமாம். அத மறைச்சது பேஸ்பாலே இல்ல, அமெரிக்கன் ஃபுட்பால். ரெய்டர்ஸ்னு ஒரு டீம் 1982ல லாஸ் ஏஞ்சலஸ் போயிட்டு 1995ல திரும்பி வந்துச்சு, வாங்க ராசான்னு ஊரே சுமார் 20 கோடி டாலர் கடன் பத்திரம் போட்டு அவங்களுக்காக மைதானத்துக்குப் பின்னாடி ஒரு ராட்சஸ சுவர் மாதிரி சீட் கட்டிக் குடுத்தாங்க. மலை மறைஞ்சு போச்சு. ரெய்டர்ஸ் ஓனர் ஆல் டேவிஸ் பேர வச்சு அந்த சுவருக்கு மவுன்ட் டேவிஸ்னு கிண்டலா பேரு. அந்த ரெய்டர்ஸ் 2020ல திரும்பவும் போயிட்டாங்க, அவங்களும் வேகாஸுக்குத்தான். டீம் போயும் தவணை போகல, ஓக்லாண்ட் மக்கள் கட்டிட்டே இருந்தாங்க. ஒரு தடவ சூடு பட்ட ஊரு அடுத்த ஓனர் வந்து காசு குடுன்னா யோசிக்குமா யோசிக்காதா? நடுவுல 2019ல வாரியர்ஸ் பாஸ்கெட்பால் டீம் பாலத்துக்கு அந்தப் பக்கம் சான் பிரான்சிஸ்கோ போயிடுச்சு. அஞ்சாறு வருஷத்துல மூணு டீம் காலி.

ரெண்டாவது காரணம், ஆள் வரலைன்னு. இங்கதான் எனக்கு கோவம் வரும். 1990ல இதே ஓட்டை ஸ்டேடியத்துக்கு ஒரு சீசன்ல 29 லட்சம் பேரு வந்திருக்காங்க. 2022ல 8 லட்சம் கூட தேறல. நடுவுல என்ன ஆச்சுன்னா, 2022 சீசனுக்கு முன்னாடி மேட் ஓல்சன், மேட் சாப்மன்னு ஜனங்க பேர் போட்ட சட்டை வாங்குற ஆளுங்களையெல்லாம் வேற டீமுக்கு தள்ளி விட்டாங்க, அதே வருஷம் சீசன் டிக்கெட் விலைய ஏத்துனாங்க, அதுக்கும் முன்னாடியே வேகாஸ் பேச்சை எடுத்தாச்சு. மெனுவுல இருந்து நல்ல அயிட்டத்தை எல்லாம் எடுத்துட்டு இட்லிக்கு தோசை விலைய போட்டு, கடைய வேற ஊருக்கு மாத்தப் போறேன்னு போர்டும் மாட்டிட்டு, கூட்டம் வரலன்னா எப்படி வரும்.

2023 ஜூன் 13ல ஒரு சமாச்சாரம் நடந்துச்சு. பாய்காட்டுக்கு நேர் எதிரா, ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி எல்லாரும் மேட்சுக்கு வாங்க, ஆளில்லங்கிற பேச்சை உடைக்கலாம்னு ரசிகர்களே ஏற்பாடு பண்ணது. அந்த சீசன்ல டீம் 112 மேட்ச் தோத்துச்சு, அப்படிப்பட்ட டீமுக்கு அன்னைக்கு 27,759 பேரு. பச்சை டீ ஷர்ட்ல 'வித்துட்டுப் போ'ங்கிற அர்த்தத்துல ஒரே ஒரு வார்த்தை, டீமை வேற ஆள்கிட்ட குடுத்துட்டு நீ கிளம்புன்னு ஓனருக்கு. அஞ்சாவது இன்னிங்ஸ் ஆரம்பத்துல மொத்த கூட்டமும் கப்சிப்னு ஆயிட்டு, அப்புறம் ஒரே குரல்ல கத்துனாங்க பாருங்க, பாப்பா காதைப் பொத்திக்கிட்டே கத்துனா, ரெண்டு நாளைக்கு தொண்டையே இல்ல. டாம்பா பே டீமை 2-1ன்னு ஜெயிச்சாங்க. அதே நாள் வேகாஸ் இருக்குற நெவாடா மாநில செனட்ல, வேகாஸ் ஸ்டேடியத்துக்கு 38 கோடி டாலர் வரைக்கும் மக்கள் பணம் குடுக்குற மசோதா பாஸ் ஆச்சு. இங்க கத்திட்டு இருக்கோம், அங்க கை தூக்கிட்டு இருக்காங்க.

மத்தியானம் மறுபடி ரயில் ஏறி டவுன்டவுன் போய், அங்கிருந்து ஜாக் லண்டன் ஸ்கொயருக்கு நடந்தோம். பக்கத்துலதான் ஹோவர்ட் டெர்மினல், துறைமுகத்துக்குச் சொந்தமான 55 ஏக்கர் தார் தரை, கன்டெய்னரும் லாரியும் நிக்குது, பின்னாடி ஒட்டகச்சிவிங்கி மாதிரி வெள்ளை கிரேன் வரிசை. 2018ல இருந்து இங்கதான் புது ஸ்டேடியம்னு சொல்லிட்டு இருந்தாங்க. மொத்தத் திட்டம் 1200 கோடி டாலர். அதுல ஸ்டேடியம் எவ்ளோ தெரியுமா, 100 கோடி. மிச்சம் எல்லாம் 3000 வீடு, ஆபீஸ், ஹோட்டல், கடைங்க. படத்த பாத்தப்பவே எங்க ஆபீஸ்ல ஒருத்தன் சொன்னான், இது டவுன்ஷிப் ப்ராஜெக்ட்டுக்கு வாசல்ல புள்ளையார் வைக்கிற மாதிரி ஸ்டேடியம் வைக்கிறானுங்கன்னு. எனக்கு அதுல தப்புன்னு தோணல, வீடு இல்லாத ஊருல வீடு வந்தா நல்லதுதான். ஆனா சுத்தி ரோடு, பாலம், ரயில் கிராசிங் செலவெல்லாம் யாரு ஏத்துக்குறது, அந்த 3000ல ஏழை ஜனங்க வாங்குற மாதிரி எத்தனைன்னு இழுத்துச்சு. லாரிக்காரங்களும் துறைமுக யூனியனும் எங்க பொழப்பு என்னாகுறதுன்னு நின்னாங்க. 2021 ஜூலைல சிட்டி கவுன்சில் ஓட்டுப் போட்டு சரின்னு சொல்லுச்சு, ஆனா சிட்டி மாத்தி எழுதுன நிபந்தனைங்களுக்கு, டீம் கேட்டதுக்கு இல்ல. டீம் தலைவர் டேவ் காவல் அன்னைக்கே முகம் சுளிச்சுட்டாரு.

நாங்க நின்னுட்டு இருக்கும்போதே நடுரோட்டுல கூட்ஸ் வண்டி வந்துச்சு. கேட்டு கிடையாது, வேலி கிடையாது, கடை வாசல்ல ரயில் போகுது. பாப்பா பெட்டி எண்ண ஆரம்பிச்சு 70க்கு மேல விட்டுட்டா. 35,000 பேரு மேட்ச் முடிஞ்சு ராத்திரி பத்து மணிக்கு இதைத் தாண்டணும்னா கஷ்டம்தான், ஒத்துக்குறேன்.

நாள் 2, சாக்ரமென்டோ

வீட்டுல இருந்து நூறு மைல் பக்கம், ட்ராஃபிக்கோட ரெண்டேகால் மணி நேரம். கார் தெர்மாமீட்டர் 97 காட்டுச்சு. நம்ம கணக்குல 36.

ஸ்டேடியம் ஆத்துக்கு மேக்கால வெஸ்ட் சாக்ரமென்டோல. இது உண்மையில ரிவர் கேட்ஸ்னு ஒரு சின்ன லீக் டீமோட வீடு, அந்த ரிவர் கேட்ஸ் யாரோட பயிற்சி டீம்னா ஏஸோட பரம எதிரி சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸோடது. பங்காளி வீட்டுத் திண்ணைல படுத்த கதை. மொத்தம் 14,000 பேரு தான் புடிக்கும், அதுலயும் மைதானத்தோட கடைசி ஓரம், அவுட்ஃபீல்டுக்குப் பின்னாடி பெரும்பாலும் சீட்டுக்குப் பதிலா புல்லு மேடு, துண்டு விரிச்சு உக்காந்துக்கலாம். டிரஸ்ஸிங் ரூம் கூட மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு, பெரிய லீக் பிளேயருங்க மேட்ச் நடுவுல கழட்டி விட்டா புல்லு வழியா ஜனங்க பாக்க நடந்து போகணும். சொல்லப்போனா மேட்ச் பாக்க சுகமான இடம். பிளேயர் துப்புறது வரைக்கும் தெரியுது. வலது பக்கம் தங்கக் கலர்ல டவர் பாலம்.

இந்த இடத்தோட ஓனர் விவேக் ரணதிவே, மும்பைல பிறந்தவரு, சாக்ரமென்டோ கிங்ஸ் பாஸ்கெட்பால் டீமும் அவருது. 2013ல அந்த கிங்ஸை சியாட்டிலுக்குத் தூக்கிட்டுப் போக இருந்தப்போ வாங்கி ஊர்லயே நிறுத்துனவரு அவருதான், ஊரே கையெடுத்துக் கும்புட்டுச்சு. அதே மனுஷன் இப்போ இன்னொரு ஊரு டீம் பிச்சுக்கிட்டு வந்தப்போ இடம் குடுத்திருக்காரு. தப்பு சொல்லல, தன் ஊருக்கு பெரிய லீக் டீம் ஒண்ணு நிரந்தரமா கிடைக்காதான்னு அவருக்கு ஒரு கணக்கு இருக்கும். அந்த கிங்ஸே 1985ல கன்சாஸ் சிட்டிய காலி பண்ணிட்டு வந்த டீம்தான்.

டீம் பேருல ஊரே இல்ல. வெறும் அத்லெட்டிக்ஸ். சாக்ரமென்டோ அத்லெட்டிக்ஸ்னு வச்சுக்கல. சட்டையில ஒரு கைல டவர் பாலம் படம், இன்னொரு கைல லாஸ் வேகாஸ்னு ஒட்டு. தாலி கட்டுனது ஒருத்தர, போட்டோ பர்ஸுல இன்னொருத்தர்னு நான் சொன்னதுக்கு பாப்பாவுக்கு புரியல, நல்லவேளை.

மேட்ச் பத்தி நிறைய எழுதப் போறதில்ல. டீம் இந்த வருஷம் மோசமில்ல, அதுதான் வயித்தெரிச்சலே. நிக் கர்ட்ஸ்னு ஒரு புதுப்பையன், போன வாரம்தான் ஹூஸ்டன்ல ஒரே மேட்ச்ல நாலு ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிச்சான், முதல் சீசன்லயே அப்படி அடிச்ச ஆள் இதுக்கு முன்னாடி யாரும் இல்ல. அவன் மட்டையோட வந்தப்போ பாப்பா எந்திரிக்கல, கைய கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. மூணாவது தடவ வந்தப்போ எந்திரிச்சுட்டா.

எங்களுக்கு முன் வரிசைல ஒரு சாக்ரமென்டோ குடும்பம், சின்னப் பையனுக்கு முதல் மேட்சாம், புதுத் தொப்பி. பாப்பாவோட ஓக்லாண்ட்னு எழுதுன சட்டைய பாத்துட்டு அந்தம்மா மெதுவா சாரின்னு சொன்னாங்க. இவ என்ன சொல்றதுன்னு தெரியாம பரவால்லன்னுட்டா.

நாள் 3, ரோடு

சாக்ரமென்டோல இருந்து வேகாஸ் 900 கிலோமீட்டர். காலைல அஞ்சரைக்கு எடுத்தோம். 99 ரோடு புடிச்சு ஃப்ரெஸ்னோ, பேக்கர்ஸ்ஃபீல்ட், அப்புறம் மலை ஏறி மொஹாவே பாலைவனம். ரெண்டு பக்கமும் பாதாம் தோட்டம், திராட்சை, திரும்பவும் பாதாம். ஓட்டுறவனுக்கு தூக்கம் வர்ற ரோடு, அதனால பேசிக்கிட்டே வந்தோம்.

"ஓக்லாண்ட் வேணாம்னா இங்கயே வேற ஊருக்குப் போயிருக்கலாம்ல? சான் ஹோசே?"ன்னா. போக ஆசப்பட்டாங்க, முடியலன்னேன். கதை இப்படி. 1990 வாக்குல ஜயன்ட்ஸுக்கு சான் பிரான்சிஸ்கோல ஸ்டேடியம் அமையல, சான் ஹோசே பக்கம் போலாமான்னு பாத்தாங்க. அப்போ ஏஸ் ஓனர் வால்டர் ஹாஸ், லீவைஸ் ஜீன்ஸ் குடும்பம், தங்கமான மனுஷன்னு எல்லாரும் சொல்லுவாங்க. போனா போங்கப்பா, சான்டா கிளாரா கவுண்டிய உங்க எல்லையா வச்சுக்கோங்கன்னு ஒரு பைசா வாங்காம விட்டுக் குடுத்தாரு. ஜயன்ட்ஸ் அங்க போகவே இல்ல, ஓட்டெடுப்புல தோத்துட்டு சான் பிரான்சிஸ்கோலயே கட்டிக்கிட்டாங்க. ஆனா எல்லைய திருப்பித் தரல! பின்னாடி ஏஸ் சான் ஹோசே போறேன்னப்போ அது எங்க ஏரியான்னு நின்னுட்டாங்க. சான் ஹோசே நகரமே 2013ல கேஸ் போட்டுச்சு, நிக்கல. ஏன்னா 1922ல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்திருக்கு, பேஸ்பால் மாநிலம் விட்டு மாநிலம் நடக்குற வியாபாரம் இல்லையாம், அதனால ஏகபோகத் தடைச் சட்டம் அதுக்குப் பொருந்தாதாம். நூறு வருஷம் ஆச்சு, டிவி உரிமை, டிக்கெட், பீர்னு கோடி கோடியா புரளுது, இன்னும் வியாபாரம் இல்ல.

இதுதான் விஷயத்தோட ஆணிவேர்னு நான் நினைக்கிறேன். லீக்ல மொத்தம் 30 டீம். 31வது வேணும்னா அந்த 30 ஓனர்ல முக்கால்வாசி பேரு சரின்னு சொல்லணும். டீம் வேணும்னு வரிசைல நிக்கிற ஊரு எப்பவும் ரெண்டு மூணு அதிகமா இருக்குற மாதிரி பாத்துக்குவாங்க. அப்போ எந்த ஓனரும் தன் ஊரப் பாத்து, கட்டித் தர்றியா இல்ல அவன்கிட்ட போகவான்னு கேக்கலாம். பாட்டு நின்னா நாற்காலி தேடுற விளையாட்டு இருக்குல்ல, அதுல ஒரு நாற்காலி கம்மியா போடுறவன் கைல தான் பாட்டுப்பெட்டியும் இருக்கு. 2018ல காவிரிப் போராட்டம் சூடா இருந்தப்போ சிஎஸ்கேயோட மிச்ச ஹோம் மேட்ச் எல்லாம் சேப்பாக்கத்துல இருந்து புனேவுக்குப் போச்சே, ரயில் புடிச்சு போய் பாத்தாங்களே ஜனங்க, அந்த வலி நமக்கும் தெரியும், ஆனா அது அடுத்த வருஷமே திரும்பி வந்துருச்சு. இது வராது.

ஓக்லாண்டும் பெரிய உத்தமி இல்லன்னும் சொன்னேன் அவகிட்ட. இந்த டீம் பிறந்தது 1901ல ஃபிலடெல்ஃபியா. அங்க கோனி மேக்னு ஒருத்தர் 50 வருஷம் மேனேஜரா இருந்தாரு. இவங்க எதிரி டீம் மேனேஜர் ஜான் மெக்ரா, காசு தின்னுற வெள்ளை யானைன்னு நக்கல் பண்ணப்போ, மேக் அந்த யானையவே டீம் சின்னமா வச்சுக்கிட்டாரு, இப்பவும் டீம் சின்னம் அதான். 1955ல கன்சாஸ் சிட்டி, 1968ல சார்லி ஃபின்லிங்கிற ஓனர் அங்கிருந்து ஓக்லாண்டுக்கு ஓட்டிட்டு வந்தாரு. ஃபின்லி போறாருன்னதும், ஹிரோஷிமாவுக்கு அப்புறம் இவ்ளோ அதிர்ஷ்டம் அடிச்ச ஊரு ஓக்லாண்டுதான்னு மிசௌரி செனட்டர் சைமிங்டன் சொன்னாரு. அவ்ளோ கசப்பு. அந்த கசந்த ஓனரை வச்சுக்கிட்டே 72, 73, 74ன்னு வரிசையா மூணு கோப்பை அடிச்சாங்க ஓக்லாண்ட்ல. அப்போ கன்சாஸ் சிட்டில ஒரு பொண்ணு உன்ன மாதிரி அவ அப்பாகிட்ட கேட்டிருப்பான்னேன். பாப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

பார்ஸ்டோவுக்கு முன்னாடி, ஏன் சொன்னேன்னு தெரியல, வெயில்தான், ஒரு உண்மைய சொல்லிட்டேன். 2006ல ஏஸ் நம்ம ஃப்ரீமான்டுக்கே வர்றதா இருந்துச்சு. சிஸ்கோ கம்பெனி இடத்துல, ஆட்டோ மால் பார்க்வே பக்கம், 32,000 சீட். நாம காஸ்ட்கோ போவோமே அந்தப் பக்கம் தான். கடைக்காரங்க எதிர்த்தாங்க, அப்புறம் வார்ம் ஸ்பிரிங்ஸ் பக்கம் மாத்தலாமான்னு பாத்தாங்க, அங்க குடியிருக்குற ஜனங்க கொதிச்சுட்டாங்க, 2009 பிப்ரவரில டீம் கைய விரிச்சுடுச்சு. நான் அப்போதான் ஃப்ரீமான்ட் வந்து ஒரு வருஷம், வார்ம் ஸ்பிரிங்ஸ்ல வாடகை வீடு. அபார்ட்மென்ட் வாசல்ல ஒருத்தர் பேப்பர் நீட்டுனாரு, ஸ்டேடியம் வேணாம்னு. கையெழுத்து போட்டேன்.

பத்து மைலுக்கு பேச்சு மூச்சு இல்ல.

"எதுக்குப்பா போட்ட?"

"ட்ராஃபிக் ஜாஸ்தியாகும்னு சொன்னாங்கடா."

"இப்ப மட்டும் என்னவாம்?"

பதில் இல்ல என்கிட்ட. அப்போ பேஸ்பால்ல எத்தனை பேர் ஆடுவாங்கன்னு கூட எனக்குத் தெரியாது. இவ பிறக்கவும் இல்ல.

பேக்கர்னு ஒரு ஊருல உலகத்துலயே உயரமான தெர்மாமீட்டர் இருக்கு, 134 அடி, டெத் வேலில 1913ல பதிவான 134 டிகிரி ஞாபகமா. இன்னைக்கு 109. ரெண்டு பேரும் ஐஸ்கிரீம் சாப்டோம், எனக்கும் வாங்கிக் குடுத்தா, கோவம் கொஞ்சம் தணிஞ்ச மாதிரி. வேகாஸ் வந்து சேர சாயந்திரம் அஞ்சு மணி.

நாள் 4, லாஸ் வேகாஸ்

வெயிலுக்கு பயந்து காலைல ஆறு மணிக்கே போயிட்டோம். ஸ்ட்ரிப்னு சூதாட்ட ஹோட்டலுங்க வரிசையா நிக்கிற மெயின் ரோட்டுல ட்ராபிகானா அவென்யூ சந்திப்பு, நாலு மூலைக்கும் நடைபாலம் இருக்கு. மூணு மூலைல ஹோட்டலுங்க, எம்ஜிஎம், பொம்மை நியூயார்க் மாதிரி ஒண்ணு, பொம்மைக் கோட்டை மாதிரி ஒண்ணு. நாலாவது மூலைல ட்ராபிகானா ஹோட்டல் இருந்துச்சு, 1957ல கட்டுனது, போன வருஷம் ஏப்ரல்ல மூடி அக்டோபர்ல வெடி வச்சுத் தகர்த்தாங்க, ட்ரோன் ஷோ வாணவேடிக்கையோட. இப்போ அங்க ஒரு பெரிய பள்ளம், கிரேன், மஞ்சத் தொப்பி ஆளுங்க. ஜூன் மாசம் பூமி பூஜை மாதிரி மண்வெட்டி வச்சு போட்டோ எடுத்தாங்க. மூடுன கூரை, 33,000 சீட்.

பாலத்து மேல நின்னு பாத்தப்போ எனக்கு முதல்ல தோணுனது, இவ்ளோதானா. ஸ்டேடியத்துக்கு 9 ஏக்கர். ஓக்லாண்ட்ல கோலிசியம் நிக்கிற இடமே 100 ஏக்கருக்கு மேல. ஹோவர்ட் டெர்மினல் 55. முதல் நாள் நான் எழுதுனத வச்சுப் பாத்தா நிலத்துக்காகத்தான் எல்லாம்னு ஆகும், ஆனா அதே ஓனர் 55 ஏக்கர் டவுன்ஷிப் இல்லாம முடியாதுன்னு வருஷக்கணக்கா பேசிட்டு இங்க 9 ஏக்கருக்கு ஒத்துக்கிட்டாரு. 2023 ஏப்ரல்ல இங்க வேற ஒரு 49 ஏக்கர் இடத்துக்கு ஒப்பந்தம்னு அறிவிச்சு, ஒரே மாசத்துல அதையும் விட்டுட்டு இந்த இடத்துக்கு வந்தாங்க. டிவி மார்க்கெட் வரிசைல ஓக்லாண்டும் சான் பிரான்சிஸ்கோவும் இருக்குற பே ஏரியா முதல் பத்துக்குள்ள, வேகாஸ் 40க்குப் பக்கத்துல. பெரிய ஊர விட்டு சின்ன ஊருக்கு எவன் போவான்?

நேத்து ராத்திரி ஹோட்டல்ல இதையே யோசிச்சிட்டு இருந்தேன். லீக்ல பெரிய டீமுங்க சம்பாதிக்கிறதுல ஒரு பங்கை சின்ன டீமுங்களுக்கு பிரிச்சுக் குடுப்பாங்க. 2022ல போட்ட ஒப்பந்தத்துல ஏஸுக்கு அந்தப் பங்கு உண்டு, ஆனா ஒரு நிபந்தனை, 2024 ஜனவரி 15க்குள்ள எங்கயாச்சும் ஸ்டேடியத்துக்கு உறுதியான ஒப்பந்தம் காட்டணும், இல்லன்னா பங்கு கட். வருஷா வருஷம் வர்ற காசு அது. ஓக்லாண்ட்ல கமிட்டி, கவுன்சில், கேஸுன்னு இழுக்குது. நெவாடா ஒரு சிறப்புக் கூட்டம் போட்டு ஒரே வாரத்துல ரெண்டு சபையிலயும் பாஸ் பண்ணி, கவர்னர் லொம்பார்டோ ஜூன் 15 கையெழுத்து போட்டுட்டாரு. யார் கை முதல்ல நீளுதோ அங்க ஓனர் தாவிட்டாரு, அவ்ளோதான்னு எனக்குப் படுது. நவம்பர்ல ஓனருங்க ஓட்டு, 30க்கு 30. வேற ஊருக்குப் போற டீம் லீக்குக்கு கட்ட வேண்டிய கட்டணத்தையும் தள்ளுபடி பண்ணாங்க. ஒருத்தர் கூட கை தூக்க மறுக்கல, ஏன் மறுக்கணும், நாளைக்கு அவங்களும் அவங்க ஊரப் பாத்து இதே கேள்விய கேக்கணும்ல.

ஓனர் ஜான் ஃபிஷர், கேப்ங்கிற (Gap) துணிக்கடை ஆரம்பிச்ச குடும்பத்துப் புள்ள. 2005ல கூட்டாளியோட சேந்து வாங்குனப்போ விலை 18 கோடி டாலர். 2025ல ஃபோர்ப்ஸ் பத்திரிகை போட்ட மதிப்பு 180 கோடி. இந்த இருபது வருஷத்துல ஒரு கோப்பை இல்ல, ஸ்டேடியம் இல்ல, கடைசி சில வருஷம் கூட்டமும் இல்ல. பத்து மடங்கு.

இங்க எல்லாரும் மாலை போட்டு வரவேற்கலன்னும் சொல்லணும். நெவாடா டீச்சருங்க சங்கம், ஸ்கூலுக்கு இல்லாத காசு ஸ்டேடியத்துக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு மக்கள் ஓட்டுக்கு விடச் சொல்லிப் போராடுனாங்க, மனு எழுதுன விதம் சரியில்லன்னு மாநில சுப்ரீம் கோர்ட் நிறுத்திடுச்சு. எங்க ஹோட்டல்ல காபி குடுத்த அம்மாகிட்ட டீம் வரப் போகுதே சந்தோஷமான்னு கேட்டேன். எந்த டீம்னாங்க.

பாலத்து மேல பாப்பா ரொம்ப நேரம் கம்பிய புடிச்சுட்டு நின்னா. அப்புறம் ஒரு கணக்கு போட்டா, 2028ல எனக்கு 16 வயசுன்னு. சரி, இப்பவாச்சும் சொல்லிடலாம்னு, "அன்னைக்கு கேட்டியே, நாம கத்துனது பத்தலையான்னு"ன்னு ஆரம்பிச்சேன்.

"அது தெரியும்ப்பா. அவங்களுக்கு கேக்கவே இல்ல."

ஹோட்டல் பக்கத்துக் கடைல வேகாஸ்னு போட்ட ஏஸ் தொப்பி வித்துட்டு இருந்தாங்க. கைல எடுத்து திருப்பிப் பாத்துட்டு வச்சுட்டா. கேக்கவே இல்ல. நானும் வாங்கட்டுமான்னு கேக்கல. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு போன் போட்டா, அடுத்த சனிக்கிழமை பாலர்ஸ் மேட்சுக்கு மூணு டிக்கெட் சொல்லி வச்சிருக்காராம். வெஸ்ட் ஓக்லாண்ட்ல ரைமண்டி பார்க்னு ஒரு பழைய கிரவுண்ட சீர் பண்ணி போன வருஷம் ஆரம்பிச்ச சின்ன லீக் டீம் அது, பச்சையும் மஞ்சளும் தான் கலர், ரசிகர்கள்கிட்டயே பங்கு வித்தாங்க. பெரியவரு ஒரு பங்கு வாங்கி ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்காரு.

நாளைக்கு நேரா வீடு. ஒன்பது மணி நேரம். இப்போ மணி பத்து, லைட்ட அணைச்சாச்சு, போர்வைக்குள்ள இருந்து ஒரு குரல், ஏஸ் ஸ்கோர் என்னன்னு பாரேன்ப்பான்னு.